சந்திக்குச் சந்தி கடவுள்

ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் போகும் பஸ் முறிகண்டியில் நிற்காமற் போனதை நான் கண்டதில்லை. சாரதி இறங்குவார், கற்பூரம் கொளுத்துவார், தேங்காய் உடைப்பார், நெற்றியில் நீறும் சந்தனமுமாகத் திரும்பி வருவார். பயணிகளிற் பாதிப்பேர் பிள்ளையாரிடம் போவார்கள், மீதிப்பேர் கச்சான் விற்கும் பெண்களிடம் போவார்கள். நான் இரண்டாம் வகை. முறிகண்டிக் கச்சானுக்கு இணையான கச்சான் இலங்கையில் வேறெங்கும் இல்லை என்பது எனது அசைக்க முடியாத நம்பிக்கை. ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. தெற்கே காலி வீதியிற் போனால் களுத்துறைப் போதிக்கு முன்னால் இதே காட்சி. வாகனங்கள் வேகம் குறைந்து நிற்கின்றன, உண்டியலில் நாணயம் விழுகிறது, கைகள் குவிகின்றன, மறுபடி புறப்படுகின்றன.

இதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. என் முறைப்பாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தேங்காய் உடைத்த அதே சாரதி, கால் மணித்தியாலம் கழித்து, எதிரே வெளிச்சம் தெரியும்போதே லொறியொன்றை முந்துகிறார். ஒரு தடவை முன் ஆசனத்தில் இருந்த நான் வாய்விட்டே கேட்டேன். "பயப்பிடாதேங்கோ ஐயா, பிள்ளையாரைக் கும்பிட்டிட்டுத்தானே வாறம்" என்றார். பஸ்ஸில் இருந்த ஐம்பது பேரில் ஒருவரும் அதற்குமேல் எதுவும் பேசவில்லை. பிரேக்கின் வேலையைப் பிள்ளையாரிடம் ஒப்படைத்தாயிற்று. இனிக் கேள்வி கேட்பவன் சாரதியைக் கேட்பவன் அல்லன், பிள்ளையாரைச் சந்தேகிப்பவன்.

நான் சைவக் குடும்பத்திற் பிறந்தவன். மிஷன் பாடசாலையிற் படித்தவன். பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்று, முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகையில் சீவனம் நடத்துபவன். கடவுள் நம்பிக்கை என்னை விட்டுப் போனது எப்போதென்று எனக்கே சரியாக நினைவில்லை. சண்டை பிடித்துக்கொண்டு போகவில்லை, சொல்லாமற் போய்விட்டது. கடவுள் இல்லையென்று யாருக்கும் நிரூபிக்க நான் புறப்படவில்லை. வீட்டில் மனைவி வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறாள். அந்த வெளிச்சத்தில் நானும் இருக்கிறேன். நான் இங்கே சொல்ல வருவது வேறொன்று. பொது இடத்தில், பொதுப் பணத்தில், பொது அதிகாரத்தில் ஒருவர் செய்யும் காரியத்துக்கு அவரிடம் விளக்கம் கேட்க முடியாமல் சமயம் குறுக்கே வந்து நிற்கிறது. குறுக்கே நிற்பது கடவுள் அல்ல; கடவுளின் பெயரைச் சொல்லத் தெரிந்த மனிதர்கள்.

அரசிலிருந்து தொடங்குவதே முறை. 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் வழங்கியது. 1978ஆம் ஆண்டின் யாப்பு அதை ஒன்பதாம் உறுப்புரையில் வைத்துக்கொண்டது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த 1972 யாப்பை ஆக்கிய அமைச்சர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா என்பதும் தெரிந்ததுதான். ஆயினும் அதை நாம் போதியளவு வியப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் மார்க்சியம் பேசிய, லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களில் ஒருவர் அவர். மதம் பற்றிய அவரது சொந்தக் கருத்து என்னவென்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தும் எழுதினார். நம்பாதவர்களும் சேர்ந்தே கட்டிய மதில் அது என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. எங்கள் நாட்டில் மத அரசியலை வளர்த்தவர்கள் பக்தர்கள் மட்டுமல்லர். பக்தர்களின் வாக்கை எண்ணத் தெரிந்தவர்களும்தான்.

அதற்கு முந்திய கூத்து ஒன்றும் இருக்கிறது. இன்றைய இளைஞர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 1966ஆம் ஆண்டில் டட்லி சேனநாயக்க அரசாங்கம் சனி, ஞாயிறு விடுமுறையை ஒழித்துவிட்டு, நிலாவின் நான்கு காலடிகளையும் வார விடுமுறையாக்கியது. போயாவுக்கு முதல் நாள் அரை நாள் வேலை, போயா அன்று விடுமுறை. நிலா ஏழுநாட் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஆகவே சில வாரங்கள் நீண்டன, சில சுருங்கின. ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர்கள் வேலைக்குப் போனார்கள். வெளிநாட்டு வங்கிகள் திறந்திருக்கும்போது நம்முடையவை மூடியிருந்தன. இன்று என்ன கிழமை என்று கேட்டால் போதாது, போயாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்றும் கேட்க வேண்டியிருந்தது என்று என் தந்தையார் சொல்வார். அவர் கச்சேரியில் எழுதுவினைஞர். 1971இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. கைவிட்டவர்கள் பௌத்தத்துக்கு விரோதிகள் அல்லர். கணக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டார்கள். இதை நான் ஒரு நம்பிக்கை தரும் சம்பவமாகவே பார்க்கிறேன். ஐந்து வருடம் பிடித்தாலும், ஒரு சமய ஏற்பாட்டை இந்த நாடு வெறும் நடைமுறைக் காரணங்களுக்காக மீளாய்வு செய்தது. வானம் இடிந்து விழவில்லை.

அவ்வாறு மீளாய்வு செய்யப்படாதது சுபநேரம். சித்திரைப் புத்தாண்டுக்கு அடுப்பு மூட்டும் நேரம், முதற் கவளம் உண்ணும் நேரம், தலைக்கு எண்ணெய் வைக்கும் நேரம் என்று அரசாங்கமே ஒரு சோதிடர் குழுவைக் கொண்டு குறிப்பித்து வெளியிடுகிறது. எண்ணெய் வைப்பதில் யாருக்கும் கேடில்லை. ஆனால் தேர்தலுக்கும் நேரம் பார்க்கிறார்கள். மகிந்த ராஜபக்ச தனது இரண்டாவது பதவிக்காலம் முடிய ஏறக்குறைய இரண்டு வருடங்கள் இருக்கையில், 2015 ஜனவரி 8ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலை எதிர்கொண்டார். அவரது சோதிடர் சுமணதாச அபேகுணவர்தன வெற்றி நிச்சயம் என்று பகிரங்கமாகவே சொல்லியிருந்தார். முடிவு தெரிந்ததே. அந்தச் சோதிடர் அரச வங்கியொன்றின் பணிப்பாளர் சபையிலும் இருந்தவர் என்பதை ஒரு தகவலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச அனுராதபுரத்தில் ருவன்வெலிசாயவின் முன்றலில் பதவியேற்றார். 2022 ஜூலையில் நாட்டை விட்டு ஓடினார். தூபிக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பில்லை என்றுதான் நான் சொல்வேன். தொடர்பு உண்டென்று சொல்ல வேண்டியவர்கள், அதாவது அன்று அங்கே ஆசி வழங்கியவர்கள், இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை.

சோதிடத்தைப் பற்றிப் பேசும்போது என் தொழிலையும் விட்டுவிட முடியாது. நான் முன்னர் வேலை செய்த பத்திரிகையொன்றில், ஊரடங்கு காரணமாக ஒரு முறை வார பலன் வந்து சேரவில்லை. பக்கம் காத்திருக்காது. பொறுப்பாக இருந்த உப ஆசிரியர், அனுபவசாலி, பழைய பிரதியொன்றை எடுத்து மேடத்தைத் துலாத்துக்கும் மகரத்தைக் கடகத்துக்கும் மாற்றி அச்சுக்கு அனுப்பிவிட்டார். ஒரு கடிதமேனும் வரவில்லை. அதே வாரம் குறுக்கெழுத்துப் போட்டியில் இரண்டு கட்டங்களின் இலக்கம் மாறிவிட்டது. அன்று முழுவதும் தொலைபேசி ஓயவில்லை. குறுக்கெழுத்துக்கு விடை உண்டு, அதனால் பிழையும் உண்டு. பலனுக்குப் பிழை வர வழியே இல்லை. இதற்குப் பிறகும் எங்கள் பத்திரிகைகள் பலனை நிறுத்தவில்லை; நிறுத்தினால் விற்பனை விழும் என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

சிரிப்பதற்கு இவ்வளவும் போதும். 2020இல் சிரிக்க முடியாத இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

கொவிட் பரவிய அந்த வருடம் நவம்பரில் நாட்டின் சுகாதார அமைச்சர் மந்திரித்த நீர் கொண்ட பானைகளை ஆற்றில் விட்டார். டிசம்பரில் கேகாலைப் பகுதியில் ஒருவர், காளியம்மன் தனக்கு அருளிய பாணி என்று தேனும் சாதிக்காயும் கலந்த ஒன்றைக் கொடுக்கத் தொடங்கினார். கூட்டம் கூடக்கூடாதென்று அரசாங்கம் ஊரையெல்லாம் அடைத்து வைத்திருந்த வேளையில், ஆயிரக்கணக்கானோர் அங்கே வரிசையில் நின்றனர். அமைச்சரும் பகிரங்கமாக அதை அருந்தினார். அடுத்த மாதமே அவருக்குத் தொற்று உறுதியானது. வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார், அந்த மட்டில் மகிழ்ச்சி. ஆனால் அந்த நாட்களில் தொலைக்காட்சியில் தோன்றிய வைத்தியர்களைக் கவனித்தேன். "இதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை" என்று ஒரு வரியில் சொல்லக்கூடியதை, நம்பிக்கைகளை மதிக்கிறோம், பாரம்பரியத்தை மதிக்கிறோம், ஆயினும் என்று இழுத்து இழுத்துத்தான் சொன்னார்கள். படித்தவர்கள். பயந்து பேசினார்கள்.

அதே மாதங்களில், கொவிட் தொற்றினால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானதே என்று கூறியிருந்தது. நமது அரசாங்கம் நிலத்தடி நீர் மாசடையும் என்றது. பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டப்பட்டதும் அதன் பின்னர்தான். 2021 பெப்ரவரி இறுதியில் புதிய வர்த்தமானி வந்தது; மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடியில் புதைக்க அனுமதித்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

சந்தேகவாதியான எனக்கு இந்த விடயத்தில் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். இறந்த உடலுக்கு என்ன தெரியும், எரித்தாலென்ன புதைத்தாலென்ன என்பதுதானே உன் கொள்கை என்றார். இறந்த உடலுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் என் கருத்து. ஆனால் அங்கே நடந்தது சமயத்துக்கும் விஞ்ஞானத்துக்குமான மோதல் அல்லவே. விஞ்ஞானத்தின் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு ஒரு பெரும்பான்மை அரசியல் நடந்தது. நிலத்தடி நீருக்கு என்ன சான்று, எங்கே சோதித்தீர்கள், எத்தனை அடி ஆழத்தில் என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் வரவில்லை. முஸ்லிம்களின் பக்கம் அன்று நின்றது மார்க்கம் மட்டுமல்ல. சான்றும் அவர்கள் பக்கமே நின்றது. பாணியை நம்பியவர்களும் புதைகுழியைப் பயந்தவர்களும் ஒரே ஆட்கள்தான் என்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் சான்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இருந்திருந்தால் இரண்டுமே நடந்திரா.

கேட்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது, கொஞ்சமாவது. கேரளத்தின் திருவல்லாவிலிருந்து 1928இல் யாழ்ப்பாணம் வந்து மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூரை ஐம்பது வயது தாண்டியவர்கள் அறிவார்கள். ஓய்வுபெற்ற பிறகு வெள்ளவத்தை பாமன்கடை ஒழுங்கையில் இருந்துகொண்டு, இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக, மோசடிக்கு இடமில்லாத நிலைமையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். அன்றைய ஒரு இலட்சம். 1978இல் அவர் இறக்கும்வரை ஒருவராலும் அதை வெல்ல முடியவில்லை. கண்களையும் உடலையும் மருத்துவத்துக்குக் கொடுத்து, எலும்புக்கூடு தான் கடைசியாகக் கற்பித்த தேர்ஸ்டன் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்த மனிதர். அவரது கட்டுரைகள் பிரபல பத்திரிகைகளில் வந்தன. ஆயிரக்கணக்கானோர் அவரைத் திட்டிக்கொண்டே வாசித்தார்கள்.

இன்று அவர் இருந்தால் என்ன நடக்கும்? 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை நிறைவேற்றுவதற்கென்று கொண்டுவந்தது. மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு இட்டுச் செல்வோரைத் தண்டிக்க அதில் ஒரு பிரிவு உண்டு. அதன் கீழ் கைதானால் நீதிவான் பிணை வழங்க முடியாது, மேல் நீதிமன்றம் போக வேண்டும். 2019 ஏப்ரலில் எழுத்தாளர் சக்திக சத்குமார இச்சட்டத்தின் கீழ் கைதானார். அவர் செய்தது ஒரு சிறுகதை எழுதியது. நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியல். 2023 மே மாதம் மேடைச் சிரிப்புரைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய விமான நிலையத்தில் கைதாகி ஐந்து வாரங்களுக்கு மேல் உள்ளே இருந்தார். எல்லாவற்றையும் விட என் மனதில் நிற்பது 2019 மே மாதம் ஹசலக்கவில் நடந்தது. முஸ்லிம் பெண்ணொருவர் அணிந்திருந்த ஆடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. அது தர்மச் சக்கரம் என்று பொலிஸாருக்குத் தோன்றிவிட்டது. இரண்டு வாரங்களுக்கு மேல் அந்தப் பெண் சிறையில் இருந்தார். சுக்கானுக்கும் தர்மச் சக்கரத்துக்கும் வித்தியாசம் தெரிந்த ஒருவர் அந்தப் பொலிஸ் நிலையத்தில் இருந்திருக்கவே மாட்டாரா? இருந்திருப்பார். வாயைத் திறப்பது யார்? அதுதான் கேள்வி.

அதே வருடத்தின் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, தங்கள் கடவுளுக்காகக் கொல்கிறோம் என்று நம்பிய சிலர் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். உண்மையாகவே வெறுப்பைப் போதித்தவர்களைப் பற்றி முஸ்லிம்களே பொலிஸில் முறையிட்டிருந்தார்கள். அந்த முறைப்பாடுகள் தூங்கின. சிறுகதைக்கு விழித்திருந்த சட்டம் இதற்கு விழிக்கவில்லை.

இதுவரை வாசித்த தமிழ் வாசகர்கள் தலையாட்டிக்கொண்டே வந்திருப்பீர்கள். ஒன்பதாம் உறுப்புரையைச் சொன்னால் தலையாட்டுவோம், பிக்குகளைச் சொன்னால் இன்னும் பலமாக ஆட்டுவோம். இனிக் கொஞ்சம் நம் முற்றத்தைப் பார்ப்போம்.

2018இல் தென்மராட்சியில் வரணியிலுள்ள ஓர் அம்மன் கோயிலில் தேர்த் திருவிழா. தேர்வடத்தை ஒடுக்கப்பட்ட சாதியினரும் பிடித்துவிடக் கூடாதென்பதற்காக, வடத்தையே விட்டுவிட்டு, பெக்கோ இயந்திரத்தைக் கொண்டு தேரை இழுத்தார்கள். படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. மண் அள்ளும் இயந்திரம், அதன் பின்னால் அம்மன். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது, நம்பிக்கை உள்ளவர்களுக்காக வெட்கப்பட்டேன். 1957ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய வந்தவர்களை வாசலில் நின்று மறித்தவர் யார்? கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம். அந்தச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்கும் நடந்தது. ஐம்பது ஆண்டுகளில் நாம் கண்ட முன்னேற்றம், பேராசிரியரின் இடத்துக்கு இயந்திரம் வந்தது. அந்த நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்: இது கோயில் விடயம், வெளியார் தலையிடக் கூடாது. ஆற்றில் பானை விட்டதைக் கேட்டவர்களுக்குத் தெற்கில் கிடைத்த பதிலும் ஏறக்குறைய அதுவே.

திருகோணமலையில் அதே 2018இல் ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தது பெரிய பிரச்சினையாயிற்று. அவர்கள் கற்பிக்கும் முறை பற்றி அங்கே யாரும் பேசியதாக நான் அறியேன். சேலைதான் கல்லூரியின் மரபு என்றார்கள். முதன்மைத் தானம் ஒன்று கிடைத்தால் அதை எப்படிப் பாவிப்பது என்று நமக்கும் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இதனால் ஒரு நட்டமும் உண்டு, அரசியல் நட்டம். 2019 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவில் பிக்கு ஒருவரின் உடலை எரித்தார்கள். வேறிடத்தில் எரிக்க வேண்டும் என்ற நீதிமன்றக் கட்டளை இருந்தது. அதை மீறியே எரித்தார்கள். தையிட்டியில் தனியார் காணியில் விகாரை கட்டப்பட்டது. உரிமையாளர்கள் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். இரண்டிலும் எங்கள் பக்கத்தின் பலம் சமயத்தில் இல்லை. கட்டளை மீறப்பட்டது, காணி பறிக்கப்பட்டது: இவை பௌத்தருக்கும் விளங்கும், கடவுளே வேண்டாம் என்பவனுக்கும் விளங்கும். ஆனால் நாங்கள் என்ன செய்கிறோம்? ஒரு வாரத்துக்குள் அதைச் சிவனுக்கும் புத்தருக்குமான வழக்காக மாற்றி, சிவசேனையின் கையிற் கொடுத்துவிடுகிறோம். சிவனா புத்தரா என்று கேட்டால் ஒன்பதாம் உறுப்புரை விடை சொல்லிவிடும். உறுதி யாருடையது என்று கேட்டால் அவர்களுக்குப் பதில் சொல்வது கடினம். வெல்லக்கூடிய வழக்கை ஏன் தோற்கக்கூடிய வழக்காக்குகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

சமயத்தவர்கள் பொது வாழ்வில் இருக்கவே கூடாது என்பது என் வாதம் அல்ல. 1995 ஜூலையில் நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள்மீது குண்டு விழுந்தது. கூரை காக்கவில்லை. ஆனால் அந்தச் சனத்துக்குக் கதவு திறந்து விட்டவர்கள் இருந்தார்கள், அதை நான் மறக்கவில்லை. நல்லூரின் நேரந்தவறாமையை, ஒரு ரூபாய் அர்ச்சனைச் சீட்டை, நம் திணைக்களங்கள் பார்த்துப் படிக்கலாம்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் சாட்சியமளித்தார். செபம் செய்யவில்லை, சாபம் இடவில்லை. கச்சேரிக் கணக்கின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். ஐக்கிய நாடுகளின் கணக்கின்படி 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380 பேர். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். 1,46,679. இவர்கள் எங்கே என்று கேட்டார். அங்கி அணிந்த ஒருவர் செய்த ஒரு கழித்தற் கணக்கு. அதை யாரும் சரிபார்க்கலாம். பிழையென்றால் பிழையென்று காட்டலாம். அதனாலேயே அவருக்குப் பதில் சொல்ல முடியாமற் போனது. 2021இல் அவர் மறையும்வரை எவரும் அந்தக் கணக்கைத் திருத்திக் காட்டவுமில்லை, கேள்விக்கு விடை தரவுமில்லை. ஒரு ஆயரின் பேச்சை நான் வெட்டி எடுத்து மேசை லாச்சியில் வைத்திருப்பது இது ஒன்றுதான்.

கடைசியாக, என் ஒழுங்கை விடயம் ஒன்று. பெரிய விடயங்களுக்குப் பிறகு இது சிறிதாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. வெலிகமைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் ஒரு தீர்ப்பு வழங்கியது. எந்தச் சமயத்தவரானாலும் தம் வளவுக்கு வெளியே உள்ளவர்களைக் கேட்குமாறு கட்டாயப்படுத்த முடியாது என்பதும், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் வழங்கலாகாது என்பதும் அதன் சாரம். பள்ளிவாசல் சம்பந்தப்பட்டது என்பதால் அன்று பலர் கைதட்டினார்கள். தீர்ப்பு எல்லோருக்குமானது என்பதைப் பிறகுதான் கவனித்தார்கள், கவனித்ததும் மறந்துவிட்டார்கள்.

எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு கோயில். திருவிழாக் காலத்தில் அதிகாலை 4.30க்குப் பக்திப் பாடல் தொடங்கும். இரண்டு வீடு தள்ளி, பக்கவாதத்தில் படுத்திருக்கும் முதியவர் ஒருவர். எதிர் வீட்டில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. நான் தீர்ப்பின் பிரதியை இணைத்து நிர்வாகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். தலைவர் நேரில் வந்தார், நல்ல மனிதர், என்னிலும் இளையவர். "ஐயா, நீங்கள் கோயிலுக்கே வராத ஆள். உங்களுக்கு இதில என்ன?" என்றார். கோயிலுக்கு நான் வருவதில்லை, கோயில்தான் என் வீட்டுக்கு வருகிறது என்று சொன்னேன். சிரித்தார். பரீட்சை எழுதும் பிள்ளையின் தாயாரையும் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் தனக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை என்று சொல்லிவிட்டார். என்னிடம் முதல் நாள் சொன்னது வேறு. கையெழுத்துப் போடச் சொல்லி நான் அவரை வற்புறுத்தவில்லை. அதே ஒழுங்கையில் அவர் இருக்க வேண்டும், நாளை மகளுக்குக் கல்யாணம் பேச வேண்டும்.

இந்த வருடம் ஒலிபெருக்கி 5 மணிக்குத் தொடங்குகிறது. அரை மணித்தியாலம் குறைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. அடுத்த கொடியேற்றத்துக்கு முன் மறுபடி எழுதுவேன்.